மேனரும் மேல்வாரமும்: பொக்கோனக் பண்ணையின் உடைமை மாற்றங்கள்

திறவுச்சொற்கள்: மேனர், காணியாட்சி, மேல்வாரம், தாமஸ் பிட், சென்னையின் ஐந்து ஊர்கள், பொக்கோனக்

முன்னுரை

நிலவுடைமை வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் 'மேனர்' என்னும் ஆங்கிலச் சொல்லை எதிர்கொள்ளும் இடங்களில் ஒருவர் மாளிகை என்கிறார். இன்னொருவர் பண்ணை வீடு என்கிறார். வேறொருவர் ஜமீன் என்கிறார். மூன்றும் முழுப் பொருளைத் தருவதில்லை. மாளிகை என்றால் கட்டடம் மட்டும் எஞ்சுகிறது. பண்ணை வீடு என்றால் உழவுத்தொழில் எஞ்சி, அதிகாரம் மறைகிறது. ஜமீன் என்பது அரசுக்கு வரி கட்டும் இடைநிலை உரிமையைக் குறிக்கும் சொல். ஆங்கிலேய மேனருக்கு அது சற்று நெருங்கி வரினும் ஒத்துப்போவதில்லை. சொல்லின் இத்தடுமாற்றம் வரலாற்றுப் புரிதலிலும் ஒரு தடுமாற்றத்தை உண்டாக்குகிறது. 'மேனர் கைமாறியது' என்று படிக்கும்போது கைமாறியது எது என்ற வினா எழாமலே போகிறது.

இக்கட்டுரை அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட மேனரைக் கொண்டு ஆராய முற்படுகிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் மாவட்டத்தில், லாஸ்ட்விதியல் என்னும் சிற்றூருக்கு அருகில் உள்ளது பொக்கோனக். அதன் உடைமை வரலாறு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீளமுடையது. அவ்வரலாற்றின் நடுப்பகுதியில், 1717இல், அப்பண்ணையை வாங்கியவர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் முன்னாள் ஆளுநர் தாமஸ் பிட். தமிழ் ஆய்வாளர்க்கு இப்பண்ணை பொருட்படுத்தத் தக்கதாவது இந்த இணைப்பினால்தான்.

மேனர் என்பதன் பொருள்

இடைக்கால இங்கிலாந்தில் மேனர் என்பது நிலம், குடிகள், முறைமன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஓர் அலகு. உடையவர் தம் நேரடிப் பயிருக்கென ஒரு பகுதியை வைத்துக்கொள்வார். எஞ்சிய நிலத்தைக் குடிகள் வழக்காற்று உரிமையில் உழுது வாழ்வர். அவர்கள் வாரம், கடமை, உழைப்பு என ஏதேனும் ஒன்றை உடையவர்க்குச் செலுத்த வேண்டும். ஒரு குடி இறந்தால் அவன் வாரிசு மேனர் முறைமன்றத்தில் கட்டணம் செலுத்தித் தன் பெயரைச் சுருளேட்டில் பதிந்துகொள்வான். அப்பதிவின் படியே அவனுக்குரிய ஆவணம். பல இடங்களில் இறந்தவனின் மாடுகளில் சிறந்த ஒன்றை உடையவர் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பதிவேட்டுப் படியை ஆதாரமாகக் கொண்ட இந்தக் குடியுரிமை 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 1926ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான் முற்றிலும் நீங்கியது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்ததை இங்கு நினைத்துக்கொண்டால், ஆங்கிலேயரின் சொந்த மண்ணில் இம்முறை எவ்வளவு பிந்தி முடிந்தது என்பது விளங்கும்.

இவ்வமைப்பைத் தமிழ் நில வழக்கின் சொற்களில் கூறுவது எளிது. உடையவர்க்குச் செல்வது மேல்வாரம். உழுபவர்க்கு நிற்பது குடிவாரம். மேனர் விற்கப்பட்டது என்றால் பெரும்பாலும் மேல்வாரம் பெறும் கை மாறியது என்பதே பொருள். குடிவாரம் அதே குடிகளிடம் அதே முறைமன்றத்தின் பதிவின்கீழ்த் தொடர்ந்தது. மேனர்களின் வரலாறு உடையவர் பெயர்ப் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்ததற்கும் இதுவே காரணம். மாறுவது பட்டியலாகிறது, மாறாதது எழுதப்படாமல் நிற்கிறது.

வாளும் முடியும்

பொக்கோனக்கின் பெயர் முதலில் காணப்படுவது 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில். நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன், ஒவ்வொரு மேனரும் தன் வெற்றிக்கு முன் எவரிடம் இருந்தது, இப்போது எவரிடம் உள்ளது, எத்தனை ஏர், எத்தனை குடி, என்ன மதிப்பு என்று கேட்டெழுதச் செய்த பதிவு அது. அதில் பொக்கோனக், மன்னனின் ஒன்றுவிட்ட உடன்பிறப்பான மார்ட்டேன் கோமகன் ராபர்ட்டின் மேலுரிமைக்கு உட்பட்டதாக வருகிறது. முதலாம் இராசராசனின் நில அளவைக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழியும் முன்பே இப்பதிவு எழுந்தது. இரண்டுமே வருவாயை நோக்கியவை. ஆனால் டூம்ஸ்டே தன் அடிப்படை வினாவாக உடைமை மாற்றத்தையே வைத்தது. ஒரு படையெடுப்பு, நில ஏட்டில் முன், பின் என்ற இரு காலங்களாகப் பதிவாயிற்று.

பின்னர்க் கார்மினோ முதலிய குடும்பங்களின் வழியாகப் பொக்கோனக், டெவன் கோமகன்களான கோர்ட்னி குடும்பத்தின் கிளை ஒன்றைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் கதை, அக்காலத்தில் நிலவுடைமை எதைச் சார்ந்திருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டும். பொக்கோனக்கின் ஹியூ கோர்ட்னி 1471இல், டூக்ஸ்பரிப் போரையொட்டி உயிரிழந்தார். அவர் சார்ந்த லங்காஸ்டர் தரப்புத் தோற்றது. 1485இல் அதே தரப்பின் ஏழாம் ஹென்றி முடிசூடியதும், ஹியூவின் மகன் எட்வர்டு டெவன் கோமகன் ஆனார். எட்வர்டின் பேரனாகிய எக்ஸீட்டர் பிரபு ஹென்றி கோர்ட்னி, எட்டாம் ஹென்றி மன்னனுக்கு நெருங்கிய உறவினர். அவ்வுறவே அவருக்குத் தீங்காயிற்று. 1538இல் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதான அவர் தலை துண்டிக்கப்பட்டார். உடைமைகள் முடியரசுக்குச் சென்றன. அவருடைய ஒரே மகன் 1556இல் பாதுவா நகரில் வாரிசின்றி இறந்தார்.

அரசனிடமிருந்து பொக்கோனக் பெட்ஃபோர்டு கோமகன்களாகிய ரஸ்ஸல் குடும்பத்துக்குப் போயிற்று. ரஸ்ஸல்கள் கோர்ட்னிகளின் உடைமைகளில் பலவற்றைப் பெற்றவர்கள். பொக்கோனக் அவர்களுக்கு ஒரு வரவு மட்டுமே. 1579இல் அதனை மோஹுன் குடும்பத்துக்கு விற்றனர். இங்குதான் பண்ணையின் கதையில் விலை ஒரு காரணியாக நுழைகிறது. அதற்கு முன் போர், மணம், தண்டனை, அரச அருள் ஆகியவையே கைமாற்றங்களுக்குக் காரணம்.

மோஹுன்களின் காலத்தில் உள்நாட்டுப் போர் இப்பண்ணையின் வாயிலுக்கே வந்தது. 1643 சனவரி 19இல் நிகழ்ந்த பிராடக் டவுன் போருக்கு முந்தைய இரவு அரசர் தரப்புப் படை பொக்கோனக்கில் தங்கியது. அடுத்த ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னனே இங்குத் தங்கினான்.

இரு வாட்போர்களுக்கு இடையே

நான்காம் மோஹுன் பிரபுவான சார்லஸ், சண்டைக்குப் பேர்போனவர். செஷயரில் உள்ள காஸ்வொர்த் பண்ணையின் வாரிசுரிமை பற்றி அவருக்கும் ஹாமில்டன் கோமகனுக்கும் நெடுங்காலம் வழக்கு நடந்தது. 1712 நவம்பர் 15இல் இருவரும் இலண்டன் ஹைடு பூங்காவில் வாட்போர் செய்து இருவரும் மடிந்தனர். ஒரு பண்ணைக்காகப் போரிட்டு மடிந்தவருடைய இன்னொரு பண்ணை விற்பனைக்கு வந்தது. மோஹுனின் கைம்பெண்ணிடமிருந்து 1717இல் பொக்கோனக்கை வாங்கியவர் தாமஸ் பிட்.

பிட் (1653–1726) டார்செட் மாவட்டத்தைச் சேர்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமத்தை மீறித் தனி வாணிகம் செய்தவராகவே அவர் 1670களில் இந்தியக் கடற்கரைக்கு வந்தார். கம்பெனி அவரைத் தண்டித்தது. பிறகு அவரையே 1698இல் சென்னைக்கு ஆளுநராக அனுப்பியது. 1709 வரை அப்பதவியில் இருந்தார். ஆளுநர் ஆவதற்கு முன்பே நிலத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. 1690களின் தொடக்கத்தில் வில்ட்ஷயரில் ஓல்டு சாரம் மேனரை வாங்கியிருந்தார். அங்குக் குடிகள் ஏறக்குறைய இல்லை. ஆனால் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பும் உரிமை அந்நிலத்தோடு ஒட்டியிருந்தது. மேனர் என்றால் மாளிகை என்று மொழிபெயர்ப்போர் ஓல்டு சாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மாளிகை இன்றியே, மக்கள் இன்றியே ஒரு மேனர் மிக உயர்ந்த மதிப்புடையதாக இருந்தது. பிட்டின் பேரனும் பிற்காலப் பிரதமருமான வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்தில் நுழைந்ததும் இத்தொகுதியின் வழியாகத்தான்.

பொக்கோனக்கை வாங்கும் பணம் வைரத்திலிருந்து வந்தது. இதனைப் பற்றி அன்றே பல கதைகள் உலவின. கல் திருடப்பட்டது, பறிக்கப்பட்டது என்ற வதந்திகளை மறுப்பதற்காகப் பிட், நாடு திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கன் நகரில் 1710 சூலை 29இல் ஓர் உறுதிமொழி எழுதினார். அதன்படி, 1701 இறுதியில் ஜாம்சந்த் என்ற வைர வணிகர் கல்லைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். உடன் வந்தவராக ஒரு செட்டியின் பெயரும் அதில் காணப்படுகிறது. ஜாம்சந்த் கேட்ட விலை 2,00,000 வராகன். நெடிய பேரத்துக்குப் பின் தீர்ந்த விலை 48,000 வராகன். வராகன் ஒன்று எட்டரை ஷில்லிங் எனக் கொண்டால் இது 20,400 பவுண்டு ஆகும். 1717இல் பிரான்சின் அரசப் பதிலாளராக இருந்த ஓர்லியன் கோமகனுக்கு அது விற்கப்பட்டது. 1,35,000 பவுண்டு என்பதே பெரும்பாலோர் தரும் விலை. பட்டை தீட்டிய பின் சுமார் 140 காரட் எடையுள்ள அக்கல் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்வுறுதிமொழியில் தமிழ் ஆய்வாளரின் கண் நிற்க வேண்டிய இடம் விலை அன்று, எடை. கல்லின் எடையை அவர் காரட்டில் தரவில்லை. 305 'மேங்கெலின்' என்கிறார். யூல், பர்னெல் இருவரும் தொகுத்த ஹாப்ஸன்–ஜாப்ஸன் அகராதி இதனைத் தெலுங்கு 'மஞ்சாலி'யோடும் தமிழ் 'மஞ்சாடி'யோடும் இணைத்துக் காட்டுகிறது. ஆனைக்குன்றிமணி எனப்படும் மஞ்சாடி விதையால் நிறுக்கும் தென்னிந்திய நிறைமுறை, ஒரு கார்ன்வால் பண்ணையின் விலைக்கு முதல் ஆதாரமான ஆவணத்தில் நிற்கிறது. பண்ணையின் வரலாறு எழுதுவோர் 'இந்தியாவில் ஈட்டிய செல்வம்' என்று ஒரு தொடரில் கடந்துபோவதை இந்த ஒரு சொல் நிறுத்தி வைக்கிறது. கல்லை எடுத்தவர், நிறுத்தவர், விலை பேசியவர் எல்லாம் ஒரு சந்தை ஒழுங்குக்கு உட்பட்டவர்கள். அவ்வொழுங்கு ஆங்கிலேயர் அமைத்தது அன்று.

1717: இரு முனைகள்

பிட் சென்னையில் இருந்தபோது மற்றொரு வகை நிலத்தையும் பெற்றார், தமக்காக அன்று, கம்பெனிக்காக. 1702இல் தாவூத்கான் புனித ஜார்ஜ் கோட்டையைச் சில மாதங்கள் முற்றுகையிட்டவர். அவரிடமிருந்தே 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களைப் பிட் கொடையாகப் பெற்றார். மூவர் பாடல் பெற்ற திருவொற்றியூர் ஒரு வணிகக் கம்பெனியின் வரவு ஏட்டில் ஓர் இனமாக நுழைந்தது இப்படித்தான்.

இக்கொடையில் கைமாறியது எது? அரசுக்குரிய மேல்வாரம். காணியாட்சி உடையோரின் உரிமை அதே நிலையில் நின்றது. அது எவ்வளவு ஆழமான உரிமை என்பதை ஆங்கிலேய நிருவாகம் முழுமையாகக் கேட்டறிய மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றிய வினாக்களுக்கு விரிவான விடை எழுதியது 1818இல். அவ்விடையில் காணி, மேல்வாரம், குடிவாரம் முதலிய சொற்களை அவர் ஆங்கிலத்தில் பெயர்க்கப் பட்ட பாடு, இன்று நாம் மேனரைத் தமிழாக்கப் படும் பாட்டின் மறுபக்கம். தமிழறிஞராக மட்டும் எல்லிஸை அறிந்தவர்கள் இப்பகுதியையும் படிப்பது நல்லது.

ஆயினும் கொடை உறுதியானதாக இல்லை. பிட் சென்னையை விட்டதும், 1711இல் நவாபு சாதத்துல்லாகான் அவ்வூர்களைத் திரும்பக் கேட்டார். தில்லிக்குச் சென்ற சர்மன் தூதுக்குழு பேரரசர் பரூக்சியரிடம் பெற்ற ஆணையில் ஊர்களின் உரிமையும் உறுதிசெய்யப்பட்டது. அவ்வாணையின் வலிமையால் கம்பெனி ஊர்களைக் கைக்கொண்டது 1717இல். அதற்கும் திருவொற்றியூரில் சண்டை நடந்தது. அப்போதைய ஆளுநர் காலெட் பின்னர் அவ்வூர் எல்லையில் நெசவாளர்களைக் குடியேற்றினார். காலெட்பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று.

வைரம் விற்றது, பொக்கோனக் வாங்கப்பட்டது, ஐந்து ஊர்கள் கம்பெனி வசமானது ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. முதல் இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூன்றாவது தனி நிகழ்வு. அதனை வைரத்தோடு முடிச்சுப் போடுவது வரலாறு ஆகாது. ஒப்பிடுவதற்கு மட்டும் அது இடந்தருகிறது. 1538இல் ஒரு மன்னனின் ஐயம் பொக்கோனக்கைப் பறித்தது. 1717இல் இங்கிலாந்தில் விலைகொடுத்து வாங்கிய நிலத்தை அப்படிப் பறிக்க எளிதில் முடியாது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் உடையவர் பக்கம் நின்றன. அதே காலத்தில் திருவொற்றியூரின் உரிமை கொடுப்பவரின் விருப்பத்தையும் பெறுபவரின் படையையும் சார்ந்திருந்தது. பிட் இவ்விரு உலகிலும் பழகியவர். ஒன்றில் உரிமை எவ்வளவு நிலையற்றது என்பதைப் பதினோராண்டு கண்டவர், ஈட்டியதை மற்றொன்றில் நிலமாக ஆக்கிவைத்தார். நகையாகவோ கப்பலாகவோ அச்செல்வத்தை அவர் வைத்துக்கொள்ளாததற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் என்று கருதுவது பொருந்தும்.

பெண்வழியும் பெயர்வழியும்

1726இல் ஆளுநர் பிட் இறந்தார். மறு ஆண்டே மூத்த மகன் ராபர்ட்டும் இறந்தார். பொக்கோனக் ராபர்ட்டின் மூத்த மகன் தாமஸுக்கும், பின் அவர் மகனான முதலாம் கேமல்ஃபோர்டு பிரபுவுக்கும் வந்தது. கட்டடக்கலையில் ஈடுபாடுடைய இப்பிரபு, 1771இல் தம் மாமன் ரிச்சர்டு லிட்டில்டனின் நினைவாகப் பண்ணையில் ஒரு கூர்ந்தூண் நாட்டினார். 1780களில் கட்டடக்கலைஞர் ஜான் சோனைக் கொண்டு மாளிகையில் திருத்தங்கள் செய்தார். இன்று காண்போர் வியக்கும் அழகில் பெரும்பங்கு இவர் காலத்தது.

இவர் மகன் இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு, மோஹுனுக்கு ஏற்ற வாரிசு என்று சொல்லத்தக்கவர். 1801இல் சமயக்குரு ஒருவரை, அதிலும் தீவிர அரசியல் சீர்திருத்தவாதியான ஹார்ன் டூக்கை, ஓல்டு சாரம் உறுப்பினராக அனுப்பி நாடாளுமன்றத்தைத் திகைக்கச் செய்தார். குருமார் உறுப்பினராவதைத் தடுக்க அவ்வாண்டே சட்டம் வந்தது. மறு ஆண்டு ஓல்டு சாரம் காலிடன் பிரபுவுக்கு விற்கப்பட்டது. அப்பிரபுவின் முதற்பெயர் டூ பிரே. 1770 முதல் 1773 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசயா டூ பிரேயை மணந்தவர் அவருடைய அத்தை. ஒரு சென்னை ஆளுநரின் குடும்பத்திடமிருந்து மற்றொரு சென்னை ஆளுநரின் உறவினருக்கு அந்த மேனர் சென்றது.

1804 மார்ச்சில், நண்பர் ஒருவருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு இறந்தார். மணமாகாதவர். ஆகவே ஒரு வாட்போரால் பிட் குடும்பத்துக்கு வந்த பொக்கோனக், ஒரு துப்பாக்கிச் சண்டையால் அப்பெயரிலிருந்து விலகியது.

அடுத்து வந்த உடையவர் அவர் சகோதரி ஆன். பட்டியல்களில் இக்காலம் 'கிரென்வில்' என்று அவர் கணவரின் பெயரால் குறிக்கப்படும். வில்லியம் கிரென்வில் 1806–07இல் பிரதமர். அடிமை வாணிகத்தை ஒழித்த 1807ஆம் ஆண்டுச் சட்டம் அவர் ஆட்சியில் நிறைவேறியது. ஆனால் அவர் 1834இல் இறந்துவிட்டார். ஆன் வாழ்ந்தது 1864 வரை. அறுபது ஆண்டுகள் பொக்கோனக் ஆனின் வழியில் நின்றது. 1717இல் விற்றவர் ஒரு கைம்பெண், 1804இல் பெற்றவர் ஒரு சகோதரி. பண்ணையின் திருப்பங்களில் பெண்கள் நின்றிருக்க, பெயர்ப்பட்டியல் ஆண்வழிக் குடிப்பெயர்களால் ஆனது. தமிழகத்தில் பாளையங்களின் வமிசாவளிகளைப் படித்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனுக்கு மக்கட்பேறு இல்லை. கணவரின் சகோதரி மகனான ஜார்ஜ் மேத்யூ ஃபோர்டெஸ்க்யூவுக்குப் பண்ணை சென்றது. அக்குடும்பமே இன்றும் உடையது. இருபதாம் நூற்றாண்டில் மாளிகை நலிந்தது. 1969க்குப் பின் அதில் எவரும் குடியிருக்கவில்லை. 1971இல் அதன் தெற்குச் சிறகு இடிக்கப்பட்டது. இந்நூற்றாண்டில்தான் எஞ்சிய பகுதி பழுது நீக்கப்பட்டு மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

ஏடுகளின் வழி

நிலத்தோடு இன்னொன்றும் கைமாறிவந்தது: காகிதம். ஆளுநர் பிட் சென்னையிலிருந்து மகனுக்கும் பிறர்க்கும் எழுதிய மடல்கள் அவர் வழித்தோன்றல்களிடம் தங்கி, ஆனின் வழியாகக் கிரென்வில்லின் ட்ராப்மோர் இல்லத் தொகுப்போடு சேர்ந்து, ஃபோர்டெஸ்க்யூக்களை அடைந்தன. வரலாற்றுக் கையெழுத்துப் படிகள் ஆணையம் 1892இல் வெளியிட்ட ட்ராப்மோர் தொகுதிகளின் முதல் மடலத்தில் அவற்றுள் பல அச்சேறின. அதற்குச் சற்று முன் யூல், ஹெட்ஜஸ் நாட்குறிப்பின் பதிப்பில் பிட் பற்றிய ஆவணங்களைத் திரட்டித் தந்திருந்தார். 1707–08இல் பெத்தநாயக்கன்பேட்டையில் வலங்கை, இடங்கைப் பிரிவினர்க்குத் தெருக்களைப் பிரித்துவைக்கப் பிட் முயன்றதும், வலங்கையினர் பலர் சாந்தோமுக்கு வெளியேறியதும் கோட்டைப் பதிவேடுகளால் நாம் அறிந்தவை. அப்பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் படிக்கத் தக்கவை இக்குடும்ப மடல்கள். அலுவல் ஏட்டில் ஆளுநராகப் பேசுபவர், மடல்களில் தோட்டத்தையும் மரங்களையும் பண்ணைக் கணக்கையும் விசாரிக்கும் நில உடையவராகப் பேசுகிறார். சென்னை வரலாற்றை எழுதுவோர் இம்மடலத்தை வைரத்துக்காக மட்டுமே புரட்டி வந்துள்ளனர். நுங்கம்பாக்கத்தையும் பொக்கோனக்கையும் ஒரே கையெழுத்தில் காணும் வாய்ப்பு அதில் காத்திருக்கிறது.